பணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

'த ஹஸ்லர்' படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஹாஸ்டல் ரூம், நண்பனின் லேப்டாப், ராத்திரி ரெண்டு மணி. 1961-ல் ராபர்ட் ராசன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். 'ஃபாஸ்ட் எடி' ஃபெல்சன் என்ற இளம் பூல் ஆட்டக்காரனாக பால் நியூமன். அவன் தோற்கடிக்கத் துடிக்கும் 'மின்னசோட்டா ஃபேட்ஸ்' என்ற ஜாம்பவானாக ஜாக்கி க்ளீசன். ஒரு நாளுக்கும் மேலாக இருவரும் ஆடுவார்கள். எடி ஜெயித்துக்கொண்டே வந்து, குடித்து, திமிரெடுத்து, எல்லாவற்றையும் இழப்பான். விடிந்தும் நாங்கள் தூங்கவில்லை. "என்ன மனுஷன்டா இவன்" என்று எடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஃபேட்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அதன்பிறகு நாலைந்து முறை பார்த்துவிட்டேன். வயதாக ஆக, நம் கண் திரையில் வேறு இடங்களுக்குப் போக ஆரம்பிக்கிறது இல்லையா? கடைசியாகப் பார்த்தபோது என் கண் ஒரு ஆளிடம் போய் நின்றது. எடியும் ஃபேட்ஸும் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன் பந்தயப் பணத்தை யாரிடமாவது கொடுத்து வைக்க வேண்டும். இரண்டு தரப்பும் நம்பக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். கோட்டு போட்ட, தலை நரைத்த ஒருவரை 'வில்லி' என்று கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அவர் வாங்கிக்கொள்கிறார். படத்தில் அவருடைய வேலை அவ்வளவுதான்.

அந்த வில்லி நிஜ வில்லி. வில்லி மோஸ்கோனி. 1941-க்கும் 1957-க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம் வென்றவர். படத்தின் ஆலோசகர் அவர்தான். நியூமனுக்குக் கியூ பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நம்மை வாய் பிளக்க வைக்கிற சில ஷாட்களில் திரையில் தெரியும் கை எடியின் கை அல்ல, மோஸ்கோனியின் கை. அந்த ஹாலிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஓரமாகப் பணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கேமரா அவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

பூல் என்ற ஆட்டத்தைப் பற்றிய மிகச் சிறந்த புனைவுகள் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றியவர்களை ஏன் இப்படித் தாண்டிப் போகின்றன? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

*

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பச்சைத் துணி விரித்த மேசை என்றால் நமக்கு ஸ்நூக்கர்தான் ஞாபகம் வரும். அதன் ஆரம்பக் கதையில் ஊட்டி கிளப்புக்கே ஒரு பங்கு உண்டு. பூல் அமெரிக்க ஆட்டம். மேசை சிறியது, குழிகள் பெரியவை, சூழல் முழுக்கத் தெருவைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கிளப்பிலிருந்து வந்தது ஸ்நூக்கர் என்றால், சிகரெட் புகையும் பந்தயமும் வேலையில்லாத மத்தியானமும் சேர்ந்து வளர்த்தது பூல்.

'ஹஸ்லர்' படத்தில் ஆடுவது 'ஸ்ட்ரெய்ட் பூல்' என்ற வகை. பதினைந்து பந்துகள். எந்தப் பந்தை எந்தக் குழியில் போடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். ஒரு பந்துக்கு ஒரு புள்ளி. பதினாலு பந்துகள் விழுந்ததும் அவற்றை எடுத்து மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். மிச்சமிருக்கும் ஒரே பந்து மேசையில் அது கிடக்கும் இடத்திலேயே இருக்கும். அந்தப் பந்தைக் குழியில் போடும் அதே அடியில் வெள்ளைப் பந்து போய் அடுக்கில் மோதி அதைச் சிதறடிக்க வேண்டும். சிதறினால் தொடர்ந்து ஆடலாம். தவறினால் போய் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். எதிராளி வரிசையாக நூறு பந்து போட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் ஒரு வினோதம் உண்டு. ஸ்ட்ரெய்ட் பூலை எவ்வளவு நன்றாக ஆடுகிறார்களோ அவ்வளவு சாதாரணமாகத் தெரியும். தேர்ந்த ஆட்டக்காரர் கடினமான ஷாட் அடிப்பதே இல்லை. அடுத்த பந்து சுலபமாக அமையும்படி வெள்ளைப் பந்தை ஒரு சாண், ரெண்டு சாண் நகர்த்திக்கொண்டே போவார். தெரியாதவன் பார்த்தால், "இதை நானே போட்டிருப்பேனே" என்பான். ஆட்டத்தின் முழு அறிவும் அடுத்த மூன்று பந்துகளைப் பற்றிய யோசனையில் இருக்கிறது. யோசனையைப் படம் பிடிக்க முடியாது. அதனால்தான் சினிமாவுக்கு வளைந்து போகும் பந்து தேவைப்படுகிறது, உடைக்கப்படும் கட்டை விரல்கள் தேவைப்படுகின்றன, தற்கொலை செய்துகொள்ளும் காதலி தேவைப்படுகிறாள். (வால்டர் டெவிஸ் 1959-ல் எழுதிய மூல நாவலில் சாரா சாவதில்லை. அது ராசன் சேர்த்தது.)

மோஸ்கோனியின் அப்பா ஃபிலடெல்பியாவில் ஒரு பூல் ஹால் வைத்திருந்தார். பையன் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று கியூவையும் பந்துகளையும் ஒளித்து வைத்தார். பையன் துடைப்பக் கட்டையையும் உருளைக்கிழங்கையும் வைத்து ஆடிப் பழகினான். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு நாள்: 1954 மார்ச் 19. ஒஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே நடந்தது போட்டியல்ல, வெறும் காட்சி ஆட்டம். அதாவது பெரிய ஆட்டக்காரர் ஊருக்கு வந்து உள்ளூர்க்காரரோடு ஒரு ஆட்டம் ஆடிக் காட்டிவிட்டுப் போவது. மேசையும் முழு அளவு மேசை இல்லை, எட்டடி மேசைதான். மோஸ்கோனி அன்று தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்துகள் போட்டார்.

கேமரா கிடையாது. பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சியம்தான் ஆதாரம். அந்த எண்ணை ஜான் ஷ்மிட் 626 பந்துகள் போட்டுத் தாண்டியது 2019-ல். நடுவில் 65 வருடங்கள்.

ஒரு கலையின் உச்சம் என்று பின்னால் சொல்லப்படப்போகிற விஷயம் உலகப் போட்டியின் இறுதிச்சுற்றில் நடக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகவும் ஆட்டத்தின் பெயரைக் காப்பாற்றவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதரின் சாதாரண வேலை நாளில் நடந்தது. பிரன்ஸ்விக் என்ற மேசைக் கம்பெனிக்காக மோஸ்கோனி ஆண்டுக்கணக்கில் இப்படி அலைந்திருக்கிறார். வந்தவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்திருப்பார்கள். அதில் ஒரு பத்து வயதுப் பையன் வீட்டுக்குப் போய்த் தூங்காமல் படுத்துக் கிடந்திருப்பான். ஒரு ஆட்டம் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குப் போவது அந்தப் பையன் வழியாகத்தான்.

*

ஏன் அலைய வேண்டியிருந்தது? ஐம்பதுகளில் அமெரிக்காவில் பூல் செத்துக்கொண்டிருந்தது. போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் கல்யாணம் செய்துகொண்டு புறநகரில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். நகரத்து ஹால்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இதைப் பற்றி நான் படித்ததில் கூர்மையானது நெட் போல்ஸ்கி எழுதியது. சமூகவியலாளர். ஆனால் தானே பூல் ஹாலில் பொழுதைக் கழித்தவர். 1967-ல் வெளியான 'ஹஸ்லர்ஸ், பீட்ஸ் அண்ட் அதர்ஸ்' என்ற புத்தகத்தில் அவர் வைக்கும் வாதம் எளிமையானது. பூல் ஹால் என்பது கல்யாணமே வேண்டாம் என்று இருந்த ஆண்களின் உலகம். பெண்களிடமிருந்தும் குடும்பத்திடமிருந்தும் தப்பித்துப் போக ஓர் இடம். அந்த வகை ஆண்கள் குறைந்துபோனதால் ஹால்களும் குறைந்தன. 'ஹஸ்லர்' படம் வந்து திடீரென்று கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து எல்லோரும் குதித்தபோது, இது நிலைக்காது என்றார். அடித்தளமே போனபிறகு ஒரு சினிமாவால் என்ன செய்துவிட முடியும்? அவர் சொன்னபடியே நடந்தது. அறுபதுகள் முடிவதற்குள் அந்த அலை வடிந்துவிட்டது.

போல்ஸ்கியின் வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் விளக்குவது ஆட்டம் ஏன் தேய்ந்தது என்பதை. அடித்தளம் போனபிறகும் அது ஏன் முழுக்கச் சாகவில்லை என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. அதற்குச் சமூகவியலைவிட, சில பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெற்கு இல்லினாயில் ஜான்ஸ்டன் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே ஜார்ஜ், பாலி ஜான்ஸ்கோ என்று அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1961-ல் ஒரு போட்டியை ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பந்தயத்துக்கு ஆடிக்கொண்டிருந்த, ஒருவரையொருவர் பெயரால் மட்டும் அறிந்த ஹஸ்லர்களை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பகலில் போட்டி, ராத்திரி முழுக்கப் பந்தயம். வடக்குக் கரோலைனாவின் எலிசபெத் சிட்டியிலிருந்து வந்த லூதர் லாசிட்டர் அங்கே திரும்பத் திரும்ப வென்றார். 1972-ல் மத்திய அரசு அதிகாரிகள் சூதாட்டக் குற்றத்துக்காக உள்ளே புகுந்ததோடு அந்தப் போட்டி முடிந்தது. பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில் ஓர் ஆட்டக்காரனின் ரகசியம் பத்துப் பேருக்குத் தெரிந்தது. நுணுக்கம் என்பது ஆளோடு செத்துப்போகிற சரக்கு. அதைக் கை மாற்றிவிட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் அந்தச் சகோதரர்கள் கொடுத்தார்கள்.

இன்னொருவர் இர்விங் க்ரேன். மோஸ்கோனி பிறந்த அதே 1913-ல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் காடிலாக் கார் விற்றுப் பிழைத்தவர். முதல் உலகப் பட்டம் 1942-ல், கடைசிப் பட்டம் 1972-ல். முப்பது வருட இடைவெளி! நிதானமான, தற்காப்பான ஆட்டம். தவறுமென்று தோன்றினால் அடிக்கவே மாட்டார். 1966-ல் முதல் யூ.எஸ். ஓப்பன் இறுதிச்சுற்றில் ஜோ பால்சிஸுக்கு எதிராக, ஐம்பதைத் தாண்டிய வயதில், தொடர்ச்சியாக 150 பந்துகளைப் போட்டு ஆட்டத்தையே முடித்துவிட்டார். மறுநாள் வழக்கம்போல வீட்டுக்குப் போயிருப்பார், திங்கட்கிழமை யாருக்கோ கார் விலை சொல்லியிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். க்ரேனை வைத்து யாரும் படம் எடுக்கப்போவதில்லை. அவர் வாழ்க்கையில் யாரும் யாருடைய விரலையும் உடைக்கவில்லை.

*

இங்கே நான் என் பழைய அபிப்பிராயம் ஒன்றை மாற்றிக்கொண்டதைச் சொல்லியாக வேண்டும்.

'ஹஸ்லர்' படம் வந்ததும் ருடால்ஃப் வாண்டரோன் என்ற பருத்த மனிதர் ஒருவர், "அந்த மின்னசோட்டா ஃபேட்ஸ் நான்தான்" என்று கிளம்பினார். அதுவரை அவருக்கு 'நியூயார்க் ஃபேட்ஸ்' என்று பெயர். பதிவுகளின்படி அவரும் 1913-ல் பிறந்தவர். அந்தப் பாத்திரம் முழுக்கத் தன் கற்பனை என்று டெவிஸ் கடைசிவரை மறுத்துக்கொண்டே இருந்தார். யார் கேட்டார்கள்? வாண்டரோன் அந்தப் பெயரிலேயே டிவியில் வந்தார், புத்தகம் போட்டார், வாய் ஓயாமல் பேசினார். பெரிய போட்டி எதையும் வென்றதில்லை. 15 பட்டம் வென்ற மோஸ்கோனியைவிட அவர் பெயர்தான் அமெரிக்காவில் வீடு வீடாகத் தெரிந்தது.

மோஸ்கோனிக்கு வாண்டரோனை அறவே பிடிக்காது. பூல் என்பது கோட்டு சூட்டு போட்டு ஆட வேண்டிய கண்ணியமான ஆட்டம், அதை ஏமாற்றுக்காரர்களின் ஆட்டமாக ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் ஆதங்கம். 1978 காதலர் தினத்தன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் இருவரும் மோதினார்கள். தேசியத் தொலைக்காட்சி, ஹாவர்ட் கோசெல் வர்ணனை. இருவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. மோஸ்கோனி நாற்பதுகளில் பக்கவாதம் வந்து மீண்டவர். வாண்டரோன் ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார், கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. மோஸ்கோனி வாயைத் திறக்காமல் பந்துகளைப் போட்டு ஜெயித்தார்.

அந்த ஒளிப்பதிவை முதலில் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. உழைத்தவனை ஓரமாக நிறுத்திவிட்டு வாயாடிக்குக் கைதட்டுகிறார்களே! நாமெல்லாம் இலக்கியம் படிக்கிறவர்கள், இந்தக் கோபம் நமக்கு நன்றாகப் பழக்கம்.

இப்போது பார்க்கும்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. வாண்டரோன் பொய்யர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் யாருமே பூலைப் பற்றிப் பேசாத வருடங்களில் அவர் பேசிக்கொண்டிருந்தார். கியூவைக் கையில் எடுக்கிற வயதில் இருந்த எத்தனையோ பேருக்கு முதலில் தெரிந்த பூல் பெயர் அவருடையது. அந்தப் பெயரைக் கேட்டு உள்ளே வந்தவன், போகப்போக மோஸ்கோனியையும் க்ரேனையும் கண்டுபிடித்திருப்பான். ஒரு ஆட்டம் உயிரோடு இருப்பதற்கு அதை மிகச் சிறப்பாக ஆடுகிறவர் மட்டும் போதாது என்பதை நான் ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளவில்லை. மோஸ்கோனி அந்த இரவு ஜெயித்தார். ஆனால் அந்த இரவு நடந்ததே வாண்டரோனால்தான். இரண்டுமே உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாத ரசனை என் ரசனையாக இருந்தது. அது குறைபாடுதான்.

*

டெவிஸுக்கு வருவோம். அவரைப் பற்றித்தான் எனக்குப் பெரிய வியப்பும் பெரிய வருத்தமும்.

டெவிஸ் சிறு வயதில் இதய நோயோடு மருத்துவ இல்லத்தில் கிடந்தவர். கென்டக்கியில் பள்ளி நண்பன் வீட்டு மேசையில் பூல் கற்றவர். 'ஹஸ்லர்' எழுதி கால் நூற்றாண்டு கழித்து, நடுவில் குடியில் தொலைத்த வருடங்களைத் தாண்டி வந்து, 1984-ல் அதன் தொடர்ச்சியாக 'த கலர் ஆஃப் மணி' எழுதினார். அதே வருடம் இறந்துபோனார்.

இந்த நாவலை நம்மில் பலர் படிக்காமலேயே 'தெரியும்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் 1986-ல் மார்ட்டின் ஸ்கோர்செஸி அதே பெயரில் எடுத்த படம். அதில் நியூமன் மறுபடி எடியாக வருகிறார், சாராயம் விற்கிறார். டாம் க்ரூஸ் வின்சென்ட் என்ற துள்ளல் இளைஞனாக வருகிறார், எடி அவனுக்கு ஹஸ்லர் வேலையைக் கற்றுத் தருகிறார். நியூமனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது அந்தப் படம். அமெரிக்காவில் மறுபடி ஒரு பூல் அலையையும் கிளப்பியது.

நாவலில் வின்சென்ட் என்று யாருமே இல்லை. தலைப்பையும் எடியையும் வைத்துக்கொண்டு கதையைத் தூக்கி வீசிவிட்டார்கள். அப்படி வீசப்பட்டது என்ன? நாவலின் தொடக்கத்தில் ஐம்பது வயது எடி ஃப்ளோரிடாவுக்குப் போய், ஓய்வெடுத்துக்கொண்டு பறவைகளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஃபேட்ஸைத் தேடிப் பிடிக்கிறான். இருவரும் சேர்ந்து காட்சி ஆட்டம் ஆடக் கிளம்புகிறார்கள். ஷாப்பிங் மால்களில் மேசை போட்டு, பாதி காலியான இருக்கைகளுக்கு முன்னால். ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்து மோதியவர்கள் இப்போது பர்கர் தின்றுகொண்டு போகிறவர்கள் எட்டிப் பார்க்க ஆடுகிறார்கள். அங்கேயும் ஃபேட்ஸ்தான் ஜெயிக்கிறார். எடிக்குக் கண் மங்கிவிட்டது, உலகம் ஸ்ட்ரெய்ட் பூலை விட்டுவிட்டு வேகமான நைன் பாலுக்குப் போய்விட்டது. சுற்றுப்பயணம் முடிவதற்குள் ஃபேட்ஸ் செத்துப்போகிறார். எடி ஒரு புது ஆட்டத்தை, தன்னில் பாதி வயதுப் பையன்களோடு, ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய தலைமுறையின் கடைசி வருடங்களை இவ்வளவு நேராகப் பார்த்த புனைவு பூலில் வேறு எதையும் நான் படித்ததில்லை. அந்த மால் காட்சிகளில் ஸ்பிரிங்ஃபீல்டின் மோஸ்கோனி இருக்கிறார், கார் விற்ற க்ரேன் இருக்கிறார். ஹாலிவுட் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு இளைஞனை வைத்தது. முதுமையை இளமையின் ஆசானாக மட்டுமே அதற்குப் பார்க்கத் தெரிந்தது. படத்தில் எடி கண் பரிசோதனைக்குப் போகும் காட்சி ஒன்று உண்டு. நாவலின் மூச்சு அந்த ஒரு காட்சியில் மட்டும் கேட்கிறது.

சரி, இதுவரை ஹாலிவுட்டைத் திட்டியாயிற்று. டெவிஸோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

முதல் நாவலுக்கும் இரண்டாம் நாவலுக்கும் நடுவில் எடி என்ன செய்தான்? ஒரு பூல் ஹால் நடத்தினான். ஏறக்குறைய இருபது வருடம். விவாகரத்தில் அது கைவிட்டுப் போகிறது. நாவல் இந்த இருபது வருடத்தையும் வீணாய்ப்போன காலமாகவே பார்க்கிறது. எடியும் அப்படித்தான் நினைக்கிறான், டெவிஸ் அவனை மறுக்கவில்லை. ஆடியிருக்க வேண்டியவன் கல்லாவில் உட்கார்ந்துவிட்டான் என்பதுதான் நாவலின் துக்கம்.

எனக்கு அங்கேதான் இடிக்கிறது. பூல் ஹால் நடத்துவது என்றால் என்ன? மேசையின் அடியில் இருப்பது கனமான கற்பலகை. மூன்று துண்டுகளாக வரும். இணைப்பில் மெழுகு பூசி, மட்டம் பார்த்து, மேலே துணியை இழுத்துக் கட்ட வேண்டும். தரை லேசாக இறங்கினாலும் பந்து தானாக ஒரு பக்கம் உருளும். துணி தேயும், மாற்ற வேண்டும். கியூ நுனித் தோல் உதிரும், ஒட்ட வேண்டும். காசில்லாத பையன் ஓரமாக நின்று பார்த்தால் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். எடி இருபது வருடம் செய்தது இதைத்தான். இதைச் செய்ய ஆள் இல்லாமல் போயிருந்தால், நாவலின் கடைசியில் எடியை எதிர்த்து ஆட ஒரு இளைஞன்கூட இருந்திருக்க மாட்டான்.

இது என் கற்பனை இல்லை. மோஸ்கோனியை உருவாக்கியது கியூவை ஒளித்து வைத்த அப்பாவின் ஹால். பென்சில்வேனியாவின் ஹோன்ஸ்டேலில் முடிவெட்டும் கடையோடு பூல் மேசையும் போட்டிருந்த ஒரு அப்பாவின் மகள்தான் ரூத் மெக்கின்னிஸ். எஃப்ரன் ரெயஸ், இந்த ஆட்டம் கண்ட மேதைகளில் ஒருவர், மணிலாவில் மாமாவின் பூல் ஹாலில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி மேசை மேலேயே படுத்துத் தூங்கியவர். 1985-ல் அமெரிக்காவுக்குப் போய், வேறொருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஹூஸ்டனில் ஒரு போட்டியை அள்ளிக்கொண்டு போனவர். அந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மாமாவின் கதையை யார் சொல்வார்கள்?

*

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். பழைய தலைமுறை இந்த ஆட்டத்தைக் காப்பாற்றியது, சரி. யாருக்காகக் காப்பாற்றியது?

கறுப்பினத்தவர்களை உலகப் போட்டிகளில் ஆட விடவில்லை. புரூக்ளினின் சிசேரோ மர்ஃபி தன் நல்ல வருடங்களில் கதவுக்கு வெளியே நின்றார். 1965-ல் கலிஃபோர்னியாவின் பர்பாங்க்கில் முதன்முறையாக உள்ளே விட்டார்கள். அந்த முதல் முறையே பட்டத்தை வென்றார். கேட்க சந்தோஷமாக இருக்கிறது இல்லையா? கொஞ்சம் யோசித்தால் சந்தோஷம் போய்விடும். முதல் வாய்ப்பிலேயே வென்றவர் அதற்கு முந்தைய வருடங்களில் எத்தனை வென்றிருப்பார்? மோஸ்கோனி தலைமுறையின் பட்டியலில் யாரெல்லாம் ஆட முடியாமல் போனார்கள் என்ற ஒரு பட்டியலும் ஒளிந்திருக்கிறது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். ரூத் மெக்கின்னிஸ் முப்பதுகளில் ஆண்களோடு சரிக்குச் சரி சுற்றுப்பயணம் செய்து ஆடினார். ஆனால் அவர் முறையாக மோதக்கூடிய அளவுக்குப் பெண்கள் போட்டிகளே கிடையாது. பெண்களுக்கான யூ.எஸ். ஓப்பன் 1967-ல்தான் வந்தது. அதை முதல் ஐந்து முறை தொடர்ச்சியாக வென்ற டாரத்தி வைஸ் 1914-ல் பிறந்தவர். அதாவது ஐம்பது வயதைத் தாண்டித்தான் அவருக்கு ஆட ஒரு மேடை கிடைத்தது. 1972-ல் அவர் இடத்துக்கு வந்த ஜீன் பலூகாஸ் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. தொடர்ந்து ஏழு வருடம் அதை வென்றார். பின்னாளில் போட்டி உலகத்தோடு ஒத்துப்போகாமல் விலகி, புரூக்ளினில் குடும்பத்தின் பூல் ஹாலைப் பார்த்துக்கொண்டார்.

மர்ஃபியும் வைஸும் மெக்கின்னிஸும் பூலைக் காப்பாற்றியவர்கள் என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு மோஸ்கோனியைச் சொல்லும்போது இருப்பதைவிடக் கனம் அதிகம். தன்னை உள்ளே விடாத வீட்டின் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். போல்ஸ்கி சொன்ன, பெண்ணிடமிருந்து தப்பி ஓடும் ஆண்களின் உலகம் ஒழிந்துபோனதில் எனக்கு வருத்தமே இல்லை. அது ஒழிந்தபிறகும் ஆட்டம் பிழைத்தது என்றால், அந்த உலகத்துக்கு வெளியே நின்று ஆடியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பழைய தலைமுறைக்கு நன்றி சொல்வது என்றால் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

*

இப்போது ஸ்ட்ரெய்ட் பூலை ஆடுகிறவர்கள் குறைவு. ஆனால் 2019-ல் ஷ்மிட் மாதக்கணக்கில் முயன்று மோஸ்கோனியின் எண்ணைத் தாண்டினார். 2022-ல் ஜேசன் ஷா 714-க்குக் கொண்டுபோனார். 1954-ல் ஒரு சின்ன ஊரில், கேமரா இல்லாமல், காட்சி ஆட்டத்தில் போட்ட ஒரு எண் இத்தனை பேரை இவ்வளவு நாள் தூங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது. அலைகளைக் கிளப்பியது இரண்டு சினிமாக்கள்தான், மறுக்கவில்லை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் இருபத்தைந்து வருடங்கள். அந்த இருபத்தைந்து வருடமும் யாரோ தினமும் சாயங்காலம் ஷட்டரைத் தூக்கி, துணியைத் துலக்கி, விளக்கைப் போட்டிருக்கிறார்கள்.

'ஹஸ்லர்' படத்தின் கடைசிக் காட்சியைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். எடி ஜெயித்துவிட்டான். ஆனால் இனி பெரிய ஹால்களில் ஆடக்கூடாது என்று விரட்டப்படுகிறான். போவதற்கு முன் ஃபேட்ஸின் ஆட்டத்தை மெச்சி ஒரு வார்த்தை சொல்கிறான், ஃபேட்ஸும் திருப்பிச் சொல்கிறார். எடி வெளியே போய்விடுகிறான். பத்தொன்பது வயதில் நானும் அவனோடு வெளியே போய்விட்டேன்.

இந்த முறை ஹாலிலேயே இருந்தேன். தோற்றுப்போன ஃபேட்ஸ் அங்கேதான் நிற்கிறார். நாளைக்கு எட்டு மணிக்கு வழக்கம்போல வருவார். கோட்டைக் கழற்றி மாட்டுவார், கையைக் கழுவுவார், கியூவை எடுப்பார். படத்தில் அந்த நாளைக் கிடையாது. டெவிஸ் ஒருவர்தான் கால் நூற்றாண்டு கழித்து அதை எழுதிப் பார்த்தார்.

அந்த நாவலைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு 'ஹஸ்லர்' படத்தை மறுபடி பாருங்கள். பணம் கைமாறும் இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த நரைத்த தலைக்காரரைப் பாருங்கள்.